எம்.டி.டி. 2727: ஒரு பழைய காரும் சில கணக்குகளும்



பார்க்கிங்கில் நீண்ட நாளாக ஓடாமல் நிற்கும் வாகனங்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று சங்கத்தின் சுற்றறிக்கை வந்திருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இடப் பற்றாக்குறை உண்மைதான், முடிவில் தவறு சொல்ல முடியாது. ஆனால் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் அந்த மூன்று நான்கு வண்டிகளில் எது பழைய இரும்பு, எது பழம்பொருள் என்று பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் பழைய இரும்புக் கடைக்குப் போன் செய்ய வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. நம் மதுரையோடு தொடர்புள்ள ஒரு காரின் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

அந்தக் காரின் எண் எம்.டி.டி. 2727. செவர்லே கம்பெனியின் 1952ஆம் வருட மாடல். டி.வி.எஸ். நிறுவனர் டி.வி. சுந்தரம் ஐயங்கார் பெருந்தலைவர் காமராஜருக்கு வழங்கிய கார். 1954 ஏப்ரல் முதல் 1963 அக்டோபர் வரை அவர் முதலமைச்சராக இருந்தார். அந்தக் காலத்திலும் அதற்குப் பிறகும் அவர் பயணம் செய்த கார் என்றால் பெரியவர்களுக்கு இந்த எண்தான் நினைவுக்கு வரும்.

கொடுத்தவரைப் பற்றி மதுரைக்காரர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1877இல் திருக்குறுங்குடியில் பிறந்தவர். வக்கீல் தொழில் பார்த்து, ரயில்வேயில் வேலை பார்த்து, வங்கியிலும் கொஞ்ச காலம் இருந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு பஸ் விட வந்தவர். (வங்கி வேலையை விட்டால்கூட உருப்படலாம் என்பதற்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் இவர்தான். நான் ஓய்வு பெறும் வரை விடவில்லை என்பது வேறு விஷயம்.) 1912 வாக்கில் பஸ் சேவை தொடங்கினார். அது வளர்ந்து சதர்ன் ரோடுவேஸ் ஆயிற்று. டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்வார்கள் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது, கரியில் ஓடும் கேஸ் பிளான்டைத் தயாரித்து வண்டிகளில் பொருத்தி ஓட்டிய நிறுவனமும் இதுதான். பஸ்ஸோடு நிற்காமல் ஜெனரல் மோட்டார்ஸின் விற்பனை உரிமையையும் எடுத்தார்கள். செவர்லே அந்தக் குடும்பத்து வண்டி. ஆகவே சுந்தரம் ஐயங்கார் ஒரு தலைவருக்குக் கார் கொடுத்தார் என்றால், அது செவர்லேயாக இருந்ததில் வியப்பில்லை.

இன்னொரு விவரமும் இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலேயே பம்பாய் சிவ்ரியில் கார்களைப் பூட்டும் தொழிற்சாலை போட்டிருந்தது. பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்பதோடு நிற்கக் கூடாது, இங்கேயே தயாரிக்க வேண்டும் என்று சுதந்திர இந்தியாவின் அரசு வலியுறுத்தியது. அதன் பிறகு 1954இல் அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அதற்குப் பின் நம் சாலைகளில் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்று மூன்றே பெயர்கள்தான் பெரும்பாலும். 1952 செவர்லே, அமெரிக்கக் கார்கள் நம் ஊரில் சாதாரணமாக விற்பனைக்குக் கிடைத்த கடைசிச் சில வருடங்களைச் சேர்ந்தது.

காமராஜர் 1975 அக்டோபர் 2 அன்று மறைந்தார். அந்தக் கார் சென்னை தேனாம்பேட்டையில் காமராஜர் அரங்க வளாகத்தில் பல வருடங்கள் நின்றது. ஓடாத கார் நின்ற இடத்திலேயே கெடும். டயர் தரையில் பதிந்து வெடிக்கும், ரப்பர் பொடியாகும், கதவின் அடித்தகட்டில் நீர் தேங்கித் துரு தின்னும். எம்.டி.டி. 2727க்கும் இந்தக் கதிதான். அண்மை வருடங்களில்தான் அதைச் சீரமைத்துப் பழைய தோற்றத்துக்குக் கொண்டுவந்து மறுபடியும் பார்வைக்கு வைத்தார்கள்.

நல்ல காரியம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 'பழைய நிலை' என்று சொல்கிறோமே, எந்தப் பழைய நிலை? 1952இல் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளின் நிலையா? காமராஜர் கடைசியாக இறங்கிக் கதவைச் சாத்திய நாளின் நிலையா? இரண்டும் ஒன்றல்ல. முதலாவதில் கார் பளபளவென்று இருக்கும். ஆனால் அதில் காமராஜர் இன்னும் ஏறவே இல்லை. இரண்டாவதில் சீட் அமுங்கியிருக்கும், கைப்பிடியில் முலாம் தேய்ந்திருக்கும், மிதிபலகையில் ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்கிய தடம் இருக்கும். அந்தக் காரை நாம் போய்ப் பார்ப்பது செவர்லேக்காக அல்ல, அவருக்காக.

நம் காந்தி மியூசியத்தை நினைத்துப் பாருங்கள். 1959இல் நேரு திறந்துவைத்த மியூசியம். காந்தியடிகள் சுடப்பட்டபோது அணிந்திருந்த துணி அங்கே இரத்தக் கறையோடு இருக்கிறது. அதைத் துவைத்து இஸ்திரி போட்டு வைக்கலாம் என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? கறை போனால் அது வெறும் துணி.

இன்னொரு உதாரணமும் நமக்குப் பழக்கமானதுதான். கும்பாபிஷேகத்துக்கு முன் கோயில் தூண்களை மணல் வீச்சு முறையில் சுத்தம் செய்தார்கள். கருங்கல் புதிதுபோல வெளுத்தது. கூடவே சிற்பத்தின் மூக்கும் விரலும் மழுங்கின, கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்தன. பிறகு அரசே அந்த முறைக்குத் தடை போட வேண்டியதாயிற்று. கார் விஷயத்திலும் இதே மணல் வீச்சு உண்டு. கனமான சேசிஸுக்கு அது சரி. மெல்லிய பாடித் தகட்டில் அடித்தால் தகடு நெளிந்துவிடும். பிறகு நெளிசலை மறைக்கக் கிலோ கணக்கில் பட்டி பூச வேண்டும். வெளியே பார்க்க அழகாக இருக்கும், உள்ளே பாதி பட்டி, பாதி இரும்பு.

வங்கியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. லெட்ஜரில் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, மேலேயே திருத்தி எழுதவும் கூடாது. பழைய எழுத்து படிக்கும்படி ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, சரியான தொகையை மேலே எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். நாளைக்கு ஆடிட்டர் வந்தால் முன்னால் என்ன இருந்தது, யார் மாற்றினார், எப்போது மாற்றினார் என்பது மூன்றும் தெரிய வேண்டும். ரப்பர் வைத்து அழித்த பக்கம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதை யாரும் நம்ப மாட்டார்கள்.

பழைய கார்களுக்கான உலகக் கூட்டமைப்பு ஒன்று உண்டு, ஃபீவா என்று பெயர். அவர்கள் 2012இல் இத்தாலியின் டூரின் நகரத்தின் பெயரில் ஒரு சாசனம் கொண்டுவந்தார்கள். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான 1964ஆம் வருட வெனிஸ் சாசனத்தை ஒட்டி எழுதப்பட்டது. அதன் சாரத்தைப் படித்தபோது எனக்கு எங்கள் லெட்ஜர் விதிதான் நினைவுக்கு வந்தது. முடிந்தவரை இருப்பதைக் காப்பாற்று. மாற்றியே ஆக வேண்டுமானால் தேவையான அளவு மட்டும் மாற்று. புதிதாகப் போட்ட பாகத்தில் அது புதியது என்று தெரிய அடையாளம் இடு. செய்த வேலை அத்தனையையும் எழுதி வை. இவ்வளவுதான். வண்டி தன் வாழ்நாளில் பெற்ற மாற்றங்களும் அதன் சரித்திரத்தில் சேர்ந்தவை என்பதையும் அந்தச் சாசனம் ஏற்றுக்கொள்கிறது.

1952 செவர்லேயை வைத்தே இதைப் பார்க்கலாம். கையால் கியர் போடும் அந்த வருட மாடலில் இருந்தது சுமார் 3.5 லிட்டர், 6 சிலிண்டர், 92 குதிரைத்திறன் கொண்ட என்ஜின். கியர் நம் அம்பாசடர் மாதிரி ஸ்டியரிங்குக்குக் கீழே. மின்சாரம் 6 வோல்ட். இன்றைக்கு 6 வோல்ட் பேட்டரி தேடி அலைவதைவிட 12 வோல்ட்டாக மாற்றிவிடலாம் என்று எலக்ட்ரீஷியன் சொல்வார். சௌகரியம்தான். ஆனால் டைனமோ, செல்ஃப் மோட்டார், பல்பு, மீட்டர் என்று வரிசையாகக் கழற்ற வேண்டி வரும். கழற்றியதைப் பெட்டியில் போட்டு, சீட்டு ஒட்டி வைத்தால் நாளைக்குத் திரும்பப் போடலாம். பழைய இரும்போடு எடைக்குப் போட்டுவிட்டால், அந்தப் பக்கத்தைக் கிழித்ததற்குச் சமம்.

பெயின்டும் அப்படித்தான். கார் பெயின்டுக்கு மட்டுமல்லாமல் மரவேலைக்கும்கூட 'டூக்கோ' என்ற வார்த்தையைப் பட்டறைகளில் இன்றும் கேட்கலாம். அது டூபான்ட் கம்பெனி 1920களில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்காகக் கொண்டுவந்த பெயின்டின் பெயர். அந்தக் காலத்துச் செவர்லேக்கு இருந்த பளபளப்பு அந்த வகைப் பெயின்டைத் தேய்த்துத் தேய்த்து எடுத்த மென்மையான மினுமினுப்பு. இன்றைய கார்களுக்கு அடிக்கும் கண்ணாடி மாதிரியான மேல்பூச்சை அடித்தால் கார் புதிதாகத் தெரியும், ஆனால் 1952ஆகத் தெரியாது.

அதற்காகத் துருவையும் சரித்திரம் என்று சொல்லி விட்டுவிடச் சொல்லவில்லை. பிரேக், ஸ்டியரிங், டயர், ஒயரிங் ஆகியவற்றில் பழமை பார்ப்பது ஆபத்து. இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டியின் ரப்பர் குழாயையும் பம்பின் டயாபிரத்தையும் அது கெடுத்துவிடும். அவற்றைக் கண்டிப்பாக மாற்றத்தான் வேண்டும். மாற்றுவதை எழுதி வைக்க வேண்டும் என்பதுதான் பேச்சு.

இனி நம் பார்க்கிங்குக்கு வருவோம். 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. 50 வருடம் தாண்டிய, வியாபாரத்துக்குப் பயன்படாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் இதில் வரும். வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது முக்கிய நிபந்தனை. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், செல்லுபடி 10 வருடம் என்று அப்போது நிர்ணயித்தார்கள். புதிய பதிவுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி எண் வரிசை. முன்பே பதிவானவை பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். தினசரி கடைக்கும் ஆபீசுக்கும் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும்.

வணிகவியல் படித்தவன் என்பதால் ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். வருமான வரிக் கணக்கில் காருக்குத் தேய்மானம் வருடம் 15 சதவீதம். ஒரு லட்சம் ரூபாய்க் காரை ஒவ்வொரு வருடமும் மிச்ச மதிப்பில் 15 சதவீதம் கழித்துக்கொண்டே போனால், 50ஆவது வருட முடிவில் புத்தகத்தில் நிற்பது 30 ரூபாய்க்கும் குறைவு. கணக்குப் புத்தகம் பூஜ்யத்தை நெருங்கும் அதே வருடத்தில்தான் அரசாங்கம் அந்த வண்டியைப் பழம்பெரும் வாகனம் என்று ஒப்புக்கொள்கிறது. இடையில் இருக்கும் காலம்தான் கண்டம். பழையது என்று வெறுக்கும் அளவுக்கு வயதாகி, அரியது என்று மதிக்கும் அளவுக்கு வயதாகாத காலம். பெரும்பாலான வண்டிகள் அந்தக் கண்டத்தில்தான் எடைக்குப் போகின்றன.

ஆகவே உங்கள் வண்டியோ, ஊரில் அப்பா, தாத்தா விட்டுச்சென்ற வண்டியோ இருந்தால் தயவுசெய்து இவற்றை மட்டும் செய்யுங்கள். முதலில் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வருடத்தைப் பாருங்கள். அதில் உள்ள என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவையும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பழைய இன்சூரன்ஸ், வரி ரசீது, பட்டறை பில் எதையும் கிழிக்காதீர்கள், வண்டிக்கு அவைதான் சாட்சி. எதையும் கழற்றும் முன் நான்கு பக்கமும் உள்ளேயும் போட்டோ எடுங்கள். டிங்கரிங், பெயின்டிங் செலவுக்கு மதிப்பீடு வாங்கும்போது எதை மாற்றுவார்கள், எதை அப்படியே விடுவார்கள் என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். இவ்வளவுக்கும் பிறகு அது பழைய இரும்புதான் என்று தெரிந்தால் தாராளமாக விற்றுவிடலாம், பார்க்கிங்கில் ஒரு இடம் கிடைக்கும்.

சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சுற்றறிக்கையில் ஒரு வரி சேருங்கள்: 50 வருடத்தை நெருங்கிய அல்லது தாண்டிய வாகனத்தின் உரிமையாளர் ஆர்.சி. நகலுடன் எழுதிக் கொடுத்தால் முடிவெடுக்க ஆறு மாத அவகாசம் தரப்படும் என்று. இடம் பெரிதாகப் போய்விடாது.

கோவைப் பக்கம் போகிறவர்கள் அவினாசி ரோட்டில் உள்ள ஜி.டி. கார் மியூசியத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சென்னைக்குப் போகிறவர்கள் காமராஜர் அரங்கத்தில் எம்.டி.டி. 2727ஐப் பாருங்கள். பளபளப்பை மட்டும் பார்த்துவிட்டு வராமல், எந்தப் பாகம் 1952ஐச் சேர்ந்தது, எது பிறகு போட்டது என்று கேட்டுப் பாருங்கள். பதில் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.