கழுநீர்ப் பானையும் பூவந்திக் காயும்

தமிழகத்தின் வட எல்லை என்று தொல்காப்பியப் பாயிரம் சுட்டிய வேங்கட மலையின் அடிவாரத்தில் நாம் வாழ்கின்றோம். 1911ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பெறு முன்னர் இந்நிலப்பகுதி வடஆர்க்காட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனுடன் இணைந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இவ்வாறு எல்லைகள் பலமுறை மாறின; ஆட்சிகளும் மாறின. ஆயினும் எல்லையின் இருபுறத்தும் மாறாது நின்ற சில வழக்கங்கள் உண்டு. அவற்றைத் தேடுவோர் அரண்மனையையும் போர்க்களத்தையும் விட்டு அடுப்பங்கரைக்குச் செல்லுதல் வேண்டும். அங்கு எஞ்சிய பொருள்களைக் கொண்டு நம் முன்னோர் உடலையும் கூந்தலையும் பேணிய வரலாற்றினையே இக்கட்டுரையில் ஒருவாறு கூற முற்படுகின்றோம்.

பொருள் சிறிது என்று அன்பர்கள் எண்ணற்க. திருமலைக்கு வரும் அடியாருள் பலர் நாடோறும் கல்யாணகட்டா எனப்படும் மண்டபத்தில் முடியிறக்கி, மழித்த தலையிற் சந்தனம் பூசிக்கொண்டு பெருமாளைச் சேவிக்கச் செல்வதை நாம் காண்கின்றோம். அருமையானதைத்தான் காணிக்கையாகத் தருவது மரபு. அத்துணை அருமையான கூந்தலை நம் பாட்டியர் எதனைக் கொண்டு வளர்த்தனர்? கடையில் வாங்கியது சிறிது. சமையலறையில் மிஞ்சியதே பெரிது.

நம் இளமைக் காலத்தில் சிற்றூர் இல்லங்களின் கொல்லைப்புறத்தே கழுநீர்ப் பானை ஒன்று தவறாது இருக்கும். அரிசியை முதன்முறை களைந்த நீர் தவிடும் மண்ணும் கலந்தது. அது நேரே அப்பானைக்குச் செல்லும். இரண்டாம் முறை களைந்த நீர் தூசின்றி வெண்மையாக இருக்கும். அதனிற் சிறிது முகங் கழுவுவதற்கு எடுத்து வைக்கப்படும். வடித்த கஞ்சியில் ஒரு பங்கு உப்பிட்டுக் குடிப்பதற்கு. ஒரு பங்கு பருத்தித் துணிக்கு விறைப்பூட்டுவதற்கு. பெண்டிர்க்கு வெள்ளியும் ஆடவர்க்குச் சனியுமாகிய எண்ணெய் முழுக்கு நாள்களில் ஒரு பங்கு சீயக்காய்த் தூளைக் குழைப்பதற்கு. சாறு பிழிந்த எலுமிச்சை மூடி வெயிலிற் காய்ந்து சீயக்காயோடு சேர்ந்து அரைபடும். உணவுக்கு ஆகாதபடி புளித்த தயிர் தலைக்குப் போகும். முற்றிப்போய்க் கறிக்கு உதவாத பீர்க்கங்காய் உலர்ந்து உடல் தேய்க்கும் கூடாகும். உமி கரியாகிப் பல் துலக்கும். இவ்வளவுக்கும் பின்னர் எஞ்சியன யாவும் கழுநீர்ப் பானை வழியே பசுவைச் சென்றடையும்.

இவ்வொழுங்கிலே கழிவு என்னும் சொல்லுக்கே இடமில்லாமையை நோக்குக. ஒவ்வொரு மிச்சத்திற்கும் அடுத்து அது சென்று சேர வேண்டிய இடம் ஒன்று குறிக்கப்பட்டிருந்தது. அவ்வரிசையை அறிந்தவளே இல்லம் நடத்தத் தெரிந்தவள் என்று பெயர் பெற்றாள்.

பணியின் பொருட்டு இவ்வூர்க்கு நாம் மாற்றலாகி வந்தபோது நம் அன்னையாரும் உடன் வந்தார். பக்கத்து இல்லத்துத் தெலுங்கு அம்மையார், முழுக்கு நாளன்று குங்குடுகாயை நசுக்கி வெந்நீரில் ஊறவைத்து நுரை எழுப்புவதைக் கண்டு அவர் முகஞ் சுளித்தார். பட்டுப் புடவையும் நகையும் கழுவும் காயைத் தலையிலே தேய்ப்பாரும் உண்டோ என்பது அவருடைய கேள்வி. சீயக்காய் தமிழர் பொருள், குங்குடு அயலார் பொருள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். நாமும் அதனை நெடுநாள் நம்பினோம்.

அந்த நம்பிக்கையைத் தகர்த்தது சிலப்பதிகாரம். அக்காப்பியத்தின் கடலாடு காதையில் மாதவி, பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நன்னீரிலே கூந்தலைக் கழுவுகின்றாள். அப்பத்துத் துவர்களும் யாவை என்பதைப் பழைய உரை விளக்குகிறது: பூவந்தி, திரிபலையாகிய கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் என்னும் மூன்று, கருங்காலி, நாவல், நாற்பால் மரங்கள் என்பன அவை. இவற்றுள் முதலிடம் பெற்ற பூவந்தி யாது? பூந்திக்கொட்டை என இன்றும் நாட்டு மருந்துக் கடையில் விற்கப்படுவது. தெலுங்கர் குங்குடு என்பதும் அதுவே! நம் அன்னையார் அயலாரது என்று ஒதுக்கிய காய் மாதவியின் கூந்தலைக் கழுவிய காயாக இருந்தது. வேங்கட மலைமேல் நின்ற திருமாலைக் காடுகாண் காதையிற் போற்றுகின்ற அதே நூலில் இச்செய்தியும் இருப்பது நமக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி தருகின்றது. இதனைக் கூறி அவருடன் வழக்காட அன்னையார் இன்று நம்முடன் இல்லை என்பதொன்றே குறை.

மாதவியின் நீராட்டுக்கு அகிலும் சந்தனமும் வணிகரிடம் வாங்க வேண்டியிருந்தன. எளியோர்க்கு அத்தகைய வளம் ஏது? குறுந்தொகைப் பாட்டொன்றிலே தோழி, கூந்தலுக்கு எருமண் கொண்டுவரச் செல்வதாகக் கூறுகின்றாள். செல்வர்க்கு விரை, எளியவர்க்கு மண் என்னும் இவ்விரண்டிற்கும் இடையே குடும்பப் பெண்டிர் கண்ட நடுவழியே அடுக்களைப் பொருள். தமிழர் இல்லத்து நலங்கு மாவும் தெலுங்கர் இல்லத்துச் சுன்னிப்பிண்டியும் அவ்வழியில் வந்தவை. இரண்டற்கும் அடிப்படை பச்சைப்பயறு, மஞ்சள், கிழங்குகளே. பெயர் இரண்டு, பண்டம் ஒன்று.

இல்லத்தின் இம்முறையைக் கோயிலிலும் காணலாம். உகாதி, ஆனிவார ஆஸ்தானம், பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி ஆகியவற்றிற்கு முந்திய செவ்வாய்க்கிழமைகளில் திருமலையிற் கோயில் ஆழ்வார் திருமஞ்சனம் நடைபெறும். மூலவரை வெண்துகிலால் மூடிவிட்டு, கருவறை முதல் விமானம் வரை சுவர், தூண், பாத்திரம் அனைத்தையும் தூய்மை செய்வர். பின்னர்ப் பரிமளம் என்னும் நறுமணக் கலவை எங்கும் தெளிக்கப்படும். அதிலே நாமக்கட்டி, ஸ்ரீசூரணம், கற்பூரம், சந்தனம், மஞ்சள் ஆகியவற்றோடு கிச்சிலிக்கிழங்கும் சேரும். நம் வீட்டு நலங்கு மாவில் பூலாங்கிழங்கு என்று இடுவது இக்கிழங்கையேயாம். குழந்தையைக் குளிப்பாட்டும் பொருளாலேயே கோயிலையும் குளிப்பாட்டிய அன்பு வியக்கத்தக்கது.

மிஞ்சுவதற்கும் அங்கே ஓர் ஒழுங்கு இருந்தது. திருமலை திருப்பதிக் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை. பெரும்பாலானவை தமிழிலேயே உள்ளன. அமுதுபடி, நெய்யமுது, பயற்றமுது, கறியமுது என்று திருவமுதுக்கு உரிய பொருள்களை அளவோடு குறித்த அவை, படைத்த பின்னர்ப் பிரசாதத்தில் கட்டளையிட்டவர்க்கு நாலில் ஒரு பங்கு உரியது என்பதனையும் 'விட்டவன் விழுக்காடு' என எழுதி வைத்தன. பெருமாள் சூடிக் களைந்த மாலைகளை அடியார்க்கு வழங்காது கோயிலினுள்ளே பூக்கிணற்றில் இடுவது அங்குள்ள மரபு. உண்ட பின்னும் சூடிய பின்னும் பொருளுக்கு மதிப்புப் போய்விடுவதில்லை என்பதே இவற்றின் கருத்து.

இவ்வொழுங்கு எவ்வாறு சிதைந்தது? 1888ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து சன்லைட் சோப்பு கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கியது. 1916இல் மைசூர் அரசு தன் சோப்புத் தொழிற்சாலையை நிறுவியது. ஷாம்பூ என்னும் ஆங்கிலச் சொல்லோ, பிடித்துவிடுதலைக் குறிக்கும் இந்திச் சொல்லின் வழிவந்தது. பாட்னாவிற் பிறந்த தீன் முகம்மது என்பார் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரைட்டன் நகரில் நீராட்டு நிலையம் நடத்தி அச்சொல்லை ஆங்கில மக்களிடையே பரப்பினார். நம்மிடமிருந்து சென்ற சொல் புட்டியில் அடைபட்டு நம்மிடமே திரும்பியது. அதனை ஏழைக்கும் எட்டும்படி சிறு உறைகளில் அடைத்துத் தரும் வழியைக் கண்டவர் கடலூர்ச் சின்னிகிருஷ்ணன். அவர் மைந்தர் ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். நாள்முழுதும் உழைக்கும் பெண்ணுக்கு அச்சிறு உறை செய்த உதவியை நாம் மறுப்பதற்கில்லை.

ஆனால் பழைய முறையைக் கெடுத்தது சோப்பு மட்டும் அன்று, அடுக்களையே மாறிவிட்டது. 1950களின் இறுதி தொட்டு நம் நாட்டிலேயே செய்யப்பெற்ற பிரஷர் குக்கர் பரவவே, வடிப்பதும் கஞ்சியும் ஒருங்கே மறைந்தன. நகரத்துக் குடியிருப்பில் கொல்லை இல்லை, பசு இல்லை, பானையும் இல்லை. கழுநீர் சாக்கடைக்குச் சென்றது. செல்லுமிடம் மறைந்தால் மிச்சம் குப்பையாகிவிடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இன்று அடுக்களைப் பொருளால் அழகு பேணுதல் மீண்டும் பேசப்படுகின்றது. ஜப்பானில் ஹெயான் காலத்து அரண்மனைப் பெண்டிர் அரிசி களைந்த நீரால் கூந்தலைப் பேணினர். சீனத்துக் குவாங்சிப் பகுதியிலுள்ள ஹுவாங்லுவோ சிற்றூரின் யாவோ மகளிர் அந்நீரைப் புளிக்கவைத்து இன்றும் பயன்படுத்துகின்றனர். இதனைக் கேட்கும் நம் பெண்மக்கள் கழுநீரை வெளிநாட்டுப் புதுமையாகக் கருதுவதைக் கண்டு நகைப்பதா, வருந்துவதா என்று விளங்கவில்லை.

எனினும் பழையன அனைத்தும் நன்றே என்று வாதிடுதலும் முறையன்று. சீயக்காயிலும் பூவந்தியிலும் சபோனின் என்னும் நுரைக்கும் பொருள் உள்ளது. அதுவே எண்ணெயைப் பற்றி நீரோடு இறக்குகின்றது. கடின நீரில் சோப்பு திரிந்து படிவதுபோல் இது திரிவதில்லை. கஞ்சியின் மாவு அத்தூளைத் தலையில் ஒட்ட வைத்து, அதன் வறட்சியையும் குறைக்கின்றது. பயற்றமாவு தோலின் எண்ணெயை ஈர்த்துக்கொள்கின்றது. இவை மெய். ஆனால் தோலுக்கு வெளியே வளர்ந்துவிட்ட மயிர் உயிரற்றது. கழுநீரிலுள்ள வைட்டமின் அதனுள் நுழைந்து ஊட்டம் தருமென்பது மிகைக்கூற்று. உண்மையில் அச்சத்து வயிற்றுக்கு உரியது. குன்னூரில் இருந்த உணவாராய்ச்சிக் கூடத்தில் அய்க்ராய்டு முதலியோர் ஆராய்ந்து 1940இல் வெளியிட்ட நூல், அரிசியை மிகுதியாகக் களைவதாலும் கஞ்சியை வடித்துக் கொட்டுவதாலும் பி1 வைட்டமின் பெரிதும் இழக்கப்படுவதை எடுத்துரைத்தது. ஆகவே கஞ்சியின் முதற்பங்கைக் குடிப்பதற்கு வைத்த நம் பாட்டியின் வரிசை அறிவியலுக்கும் ஏற்புடையதே.

தீங்கும் உண்டு. பூவந்தி நீரும் சீயக்காயும் கண்ணிற் பட்டால் எரிச்சல் மிகும். எலுமிச்சைச் சாற்றைத் தோலிற் பூசி வெயிலிற் சென்றால் புண்ணும் கருமையும் தோன்றலாம். நம் மகள் யாரோ கூறக்கேட்டு எலுமிச்சை மூடியை முகத்திலே தேய்த்துக்கொண்டு நண்பகலில் வெளியே சென்று வந்தாள். கன்னத்திலே தோன்றிய கருந்திட்டு மறையச் சில மாதங்கள் ஆயின. பாட்டி அம்மூடியைக் காயவைத்துச் சிறிதளவே தூளிற் சேர்த்தாள்; அதனையும் உடனே கழுவிவிட்டாள். பேத்திக்குப் பொருள் கிடைத்தது; முறை கிடைக்கவில்லை. பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு முறையை விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதை நம் இல்லத்திலேயே கண்டோம்.

திருமலையில் அம்முறை புதிய வடிவிலே திரும்புகின்றது. தேவஸ்தானக் கோயில்களிற் சூடிக் களைந்த மலர்களைக் கொண்டு செய்த ஊதுவத்திகள், ஏழுமலையை நினைவூட்டும் ஏழு வகைகளாக 2021 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தன. 2022 ஜூன் முதல் மலைமேல் நெகிழிப் பொருள்கள் தடுக்கப்பட்டன. ஷாம்பூ அடைத்த சிற்றுறையும் நெகிழியே அன்றோ! ஒருமுறை தலை கழுவியபின் எங்கும் சென்று சேர இடமில்லாத பொருள் அது. பூவந்திக் கொட்டையின் சக்கையோ செடியின் அடியிலே மண்ணாகிவிடும்.

சோப்பை ஒழிக்க வேண்டுமென்பது நம் கருத்தன்று. அது நோயைத் தடுக்கும் நண்பன். ஆயினும் வாரத்தில் ஒரு நாளேனும் ஒரு சட்டியில் சோற்றை வடித்து, அக்கஞ்சியில் சீயக்காயையோ பூவந்தியையோ குழைத்து, அதன் முறையை நம் பெண்மக்களுக்கும் ஆண்மக்களுக்கும் கூறித் தருவோமாக. தெரியாததைப் பக்கத்து இல்லத்துத் தெலுங்கு அம்மையாரிடம் கேட்டறிவோமாக; அவர் கூறும் விடை நம் காப்பியத்திலும் இருக்கக்கூடும்.

இந்த ஆண்டு விழாவின் பந்திக்காக நம் சங்கத்திலும் படிக்கணக்கில் அரிசி களைவார்கள். அந்த நீரைச் சாக்கடையில் விடாது ஓர் அண்டாவில் பிடித்து வைக்குமாறு சமையற்பொறுப்பாளரை இப்பொழுதே வேண்டிக்கொள்கின்றோம். அருகில் மாடு வைத்திருப்போர் உளர்; வாசலில் சங்கத்தார் நட்ட செடிகளும் உள.