தோன் பேத்ரீத்தோ ஹராமில்யோ

தோன் பேத்ரீத்தோ என வழங்கப்படும் பேத்ரோ ஹராமில்யோ (இறப்பு: 3 ஜூலை 1907), அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வாழ்ந்த மெக்சிக்க நாட்டு வைத்தியர். ‘லோஸ் ஓல்மோஸ் வைத்தியர்’ என்றும் பெயர் பெற்றவர். மெக்சிக்க-அமெரிக்கக் கத்தோலிக்கர் பலர் அவரைப் புனிதராக வணங்குகின்றனர். திருச்சபையின் புனிதர் வரிசையில் அவர் பெயர் இல்லை.

பின்னணி

நுவேசஸ் ஆற்றுக்கும் ரியோ கிராண்டே ஆற்றுக்கும் இடைப்பட்ட வறண்ட மேய்ச்சல் நிலம், 1848ஆம் ஆண்டின் குவாதலூப்பே ஹிதால்கோ உடன்படிக்கையால் அமெரிக்காவின் வசமானது. ஆட்சி மாறினாலும் அங்குள்ள பண்ணைகளில் மாடு மேய்த்துப் பிழைத்தவர்கள் பெரும்பாலும் ஸ்பானிய மொழி பேசும் மெக்சிக்கர்களே. பட்டம் பெற்ற மருத்துவர்கள் கார்ப்பஸ் கிறிஸ்டி, லரேடோ போன்ற நகரங்களில்தான் இருந்தனர். பாதிரியார்கள் குதிரையேறிப் பண்ணை பண்ணையாகச் சுற்றி வந்ததால், பூசை காண்பதற்கே மக்கள் நெடுநாள் காத்திருக்க வேண்டியிருந்தது. நோய்க்கும் நேர்த்திக்கும் அக்கம்பக்கத்து வைத்தியரே கதி.

வைத்தியர் வகைகள்

இவ்வைத்தியரின் பொதுப்பெயர் குரந்தேரோ, பெண்ணாயின் குரந்தேரா. தொழில்வழியே இவர்களைப் பலவாகப் பிரிப்பர். பச்சிலை தருபவர் யெர்பேரோ. உடம்பு பிடித்து நீவி விடுபவர் சோபதோர். எலும்பு கட்டுபவர் உவேசேரோ. பேறு பார்ப்பவள் பார்த்தேரா. இவர்கள் தீர்க்கும் நோய்களும் தனி இனம்: அச்சத்தால் உயிர்ச்சத்து கலைவதாகக் கருதப்படும் சூஸ்தோ, உண்டது குடலில் ஒட்டிக்கொள்ளும் எம்பாச்சோ, கண்ணேறாகிய மால் தெ ஓஹோ, கைக்குழந்தையின் உச்சிக்குழி உள்வாங்கும் கயீதா தெ மொய்யேரா. கண்ணேறுக்குக் கோழிமுட்டையால் உடம்பெங்கும் தடவி, பிறகு அதைத் தண்ணீரில் உடைத்து ஊற்றிப் பார்ப்பது வழக்கம்.

கற்றும் பழகியும் வரும் இத்திறன்களுக்கு மேலாக, இறைவன் நேரே அருளும் வரம் ஒன்று உண்டு. அது தோன் எனப்படும். வரம் பெற்ற வைத்தியரே இறந்தபின் புனிதராகின்றனர். சோனோராவின் கபோரா ஊரில் குணமாக்கிப் புகழடைந்து, 1892இல் போர்ஃபிரியோ தியாஸ் அரசால் நாடு கடத்தப்பட்டு, அரிசோனாவில் 1906இல் இறந்த தெரேசா உர்ரேயா ஒருவர். நுவேவோ லியோனின் எஸ்பினாசோவில் வாழ்ந்து 1938இல் இறந்த நீன்யோ ஃபிதென்சியோ மற்றொருவர். 1928இல் குடியரசுத் தலைவர் கய்யேசே அவரை நாடி வந்தார். திஹுவானாவில் 1938இல் சுட்டுக்கொல்லப்பட்ட ஹுவான் சொல்தாதோ போன்றோர் வேறு வகை. அவர்களை வணக்கத்துக்கு உரியவர்களாக்கியது வைத்தியமன்று, கொடுஞ்சாவு.

வாழ்க்கை

ஹராமில்யோ மெக்சிக்கோவின் குவாதலஹாரா வட்டாரத்தில் ஏழைக் கூலிக் குடும்பத்தில் பிறந்தார். ஆடு மாடு மேய்த்து வந்த நாளில் குதிரையிலிருந்து விழுந்து மூக்கு உடைந்தது. வலி பொறாமல் குட்டைச் சேற்றை அள்ளி முகத்தில் அப்பிக்கொண்டு கிடந்தவர், மூன்றாம் நாள் வலி தணிந்து உறங்கினார் என்றும், இறைவன் குணமாக்கும் வரம் தந்தான் என ஒரு குரல் கேட்டு விழித்தார் என்றும் சொல்வர். அதே குரல், நோயுற்றிருந்த எசமானுக்கு மருந்து சொல்லுமாறு பணித்தது. மனத்தில் முதலில் தோன்றியதையே அவர் சொன்னார்: மூன்று நாள் வெதுவெதுப்பான நீரில் குளியல். எசமான் தேறினார். மூக்கின் வடு கடைசிவரை மறையவில்லை.

1881இல் அவர் இன்றைய புரூக்ஸ் வட்டத்திலுள்ள லோஸ் ஓல்மோஸ் பண்ணைக்கு வந்து குடியேறினார். கட்டணம் கேட்டதில்லை, கொடுத்ததை வாங்கிக்கொண்டு, வந்தவருக்கே சோறு போட்டார். 1893ஆம் ஆண்டு வறட்சியில் ஏழைகளுக்கு உணவுப்பொருள் வழங்கினார். நோயாளிகளைத் தேடிப் பண்ணைகளுக்குப் பயணமும் போவார். அவர் இல்லாத நாளில் வந்தவர்கள் வீட்டருகே கூடாரமடித்துக் காத்திருப்பார்கள்.

வைத்திய முறை

அவர் எழுதித் தந்த ரெசேத்தா, அதாவது மருந்துச்சீட்டு, பெரும்பாலும் தண்ணீர்தான். படுக்குமுன் ஒரு குவளை நீர், இறைவன் பெயரால், ஒன்பது இரவு. அல்லது இத்தனை நாள் குளியல். காப்பி, எலுமிச்சை எனக் கைக்கெட்டிய பொருள்களும் வரும். குணமாக்குவது தாமல்லர், நம்பிக்கை வழியே செயல்படும் இறையருளே என்பார். ஏழையால் வாங்க முடியாத எதையும் மருந்தாகச் சொல்லாததே இவர் புகழின் அடிப்படை.

புல்முள் தொண்டையில் சிக்கியவனுக்கு உப்புநீர் குடிக்கச் சொன்னார். வாந்தியில் வெளிவந்த முள்ளில் இரண்டு இலை துளிர்த்திருந்ததாம். தலைவலியால் துடித்த ஒருவருக்கு அவர் அனுப்பிய மருந்து, தலையை வெட்டிப் பன்றிக்குப் போடு என்பது. கேட்டவருக்குக் கோபம் தலைக்கேற, வலி போனது.

நூல்கள்

இக்கதைகள் நிலைத்ததற்கு ரூத் டாட்சன் காரணம். தென் டெக்சாஸ் பண்ணைக் குடும்பத்துப் பெண்ணான இவர், ஸ்பானிய மொழியில் வாய்வழக்காகக் கேட்டவற்றை 1934இல் அதே மொழியில் நூலாக்கினார். ஆங்கில வடிவத்தை டெக்சாஸ் நாட்டார் வழக்காற்றுக் கழகம் 1951இல் வெளியிட்டது. குணமடைந்தோரும் அவர்தம் சுற்றத்தாரும் சொன்னவை ஆதலால், மருந்து பலிக்காத கதைகள் இத்தொகுப்பில் அரிது. மானிடவியலாளர் ஒக்தாவியோ ரொமானோ 1965இல் எழுதிய கட்டுரையில் ஒரு படிநிலையைக் காட்டினார்: வீட்டில் மகள், தாய், பாட்டி, பின் அண்டைவீட்டார், ஊர் வைத்தியர், வட்டார வைத்தியர், உச்சியில் புனிதர். ஹராமில்யோ புதுமுறை எதையும் புகுத்தவில்லை, தளர்ந்திருந்த பழைய வைத்தியர் கடமையை முழுமையாக நிறைவேற்றினார் என்பது அவர் முடிவு, அதுவே பொருத்தமானது.

அடக்கத்தலம்

ஃபால்ஃபூரியாஸ் ஊருக்கு வடகிழக்கே சில மைல் தொலைவில் அவரது கல்லறைமேல் சிறு கோவில் உள்ளது. உள்ளே வெண்தாடியுடன் அவர் உருவம். சுவரெங்கும் நேர்ந்துகொண்டவர்கள் விட்டுச்சென்ற நிழற்படங்கள், கடிதங்கள், ஊன்றுகோல்கள். மாநில அரசு 1971இல் இதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்துப் பலகை நாட்டியது. அவர் படம் பொறித்த மெழுகுத்திரிகள் தென் டெக்சாஸின் மூலிகைக் கடைகளில் விற்கின்றன. அவர் ஆவி தம்மேல் இறங்குவதாகச் சொல்லி வைத்தியம் பார்ப்போரும் உண்டு.