விதை மறந்த பூண்டு

1922-இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த துத்தன்காமுன் கல்லறைக்குள் பூண்டும் இருந்தது. ஏறக்குறைய 3,300 வருஷப் பழசு. அது இனி முளைக்காது. நாம டம்ளர் தண்ணியில அடி மட்டும் நனையுற மாதிரி வைக்கிற பல்லோ, சில நாள்லயே பச்சைத் தாள் விட்டுடுது.

விதை போடாம ஏன் பல்லை ஊன்றுறோம்? மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பல்லையே ஊன்றி வந்ததில், பயிர்ப்பூண்டு விதை கட்டும் திறனைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. விதை கட்டும் பூண்டைத் தேடி 1980-களில் ஆய்வாளர்கள் மத்திய ஆசியாவுக்கே போக வேண்டியிருந்தது.

ஆக, ஒவ்வொரு பல்லும் தாய்ச்செடியின் நகல்தான். எனக்கு உறுத்துவது இதுதான்: நெல்விதை மாதிரி பூண்டுப் பல்லை வருஷக்கணக்கா மூட்டை கட்டி வைக்க முடியாது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைச்சது, சந்தோஷம். ஆனா ஒரு ரகத்தைக் காப்பாத்துறது, வருஷம் தவறாம ஊன்றுற கைதான்.