சிரோசிஸ் என்னும் சொல்லும் ஒரு குருதிப் பரிசோதனையும்

'சிரோசிஸ்' என்னும் சொல்லை 1819-இல் மருத்துவத்துக்கு அளித்தவர், ஸ்டெதஸ்கோப்பைக் கண்டறிந்த பிரெஞ்சு மருத்துவர் லேனெக். பிணக்கூராய்வில் கண்ட கல்லீரலின் பழுப்புமஞ்சள் நிறத்தைச் சுட்ட, 'கிர்ரோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லை அவர் எடுத்தாண்டார். நிறத்தைக் குறிக்கப் பிறந்த சொல், பின்னர் தழும்பேறி இறுகிய கல்லீரலைக் குறித்தது. மக்கள் வழக்கிலோ அது குடிப்பழக்கத்தின் மறுபெயராகவே நிலைத்துவிட்டது.

உடலின் தடைகாப்பு அமைப்பே கல்லீரலின் நுண்ணிய பித்தநாளங்களைத் தாக்கி அழிக்கும் நோய் ஒன்று உண்டு. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். மதுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆயினும் 1950-இல் அமெரிக்காவின் ஆரன்ஸ் குழுவினர் இதற்கு இட்ட பெயர், 'பிரைமரி பிலியரி சிரோசிஸ்'. நோய் முற்றிய பின்னரே பெரும்பாலும் அறியப்பட்ட காலம் அது. கல்லோ கட்டியோ பித்தநாளத்தை அடைத்ததால் வந்த மஞ்சள் காமாலையா, இந்நோயா எனத் தெளிய வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது.

1965-இல் லண்டனில் நிலைமை மாறியது. தைராய்டு எதிர்ப்பொருள் ஆய்வில் பெயர்பெற்ற டெபோரா டோனியாக், ஐவன் ராய்ட் ஆகியோரும், கல்லீரல் மருத்துவத்தின் முன்னோடி ஷீலா ஷெர்லாக்கும், வாக்கர் என்னும் ஆய்வாளருடன் சேர்ந்து, இந்நோயாளிகளின் குருதியில் மைட்டோகாண்ட்ரியாவுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருப்பதைக் காட்டினர். செய்முறை எளியது. விலங்குத் திசுவின் மெல்லிய சீவலில் நோயாளியின் குருதிநீரை இட்டு, ஒளிரும் சாயம் ஏற்றிய மற்றோர் எதிர்ப்பொருளைச் சேர்த்து, நுண்ணோக்கியில் பார்ப்பர். எதிர்ப்பொருள் பற்றிய இடம் ஒளிரும். அது குறிவைப்பது பைருவேட் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதித் தொகுதியின் ஒரு பகுதியையே என்பது 1988-இல் தெளிவாயிற்று.

இந்நோயாளிகளுள் நூற்றுக்கு 90 முதல் 95 பேரிடம் இவ்வெதிர்ப்பொருள் காணப்படுகிறது. இதனுடன் ஆல்கலைன் பாஸ்படேஸ் அளவும் நீடித்து உயர்ந்திருந்தால், திசுச் சோதனையின்றியே பெரும்பாலும் நோயை உறுதிசெய்யலாம். அரிப்பும் சோர்வும் தோன்றுமுன்னரே நோய் அகப்படலாயிற்று. அவ்வாறு கண்டறியப்பட்டோரில் பெரும்பாலோரின் கல்லீரல் சிரோசிஸ் நிலையை எட்டியிருக்கவில்லை.

பரிசோதனை முன்னே சென்றுவிட்டது. பெயர் 1950-லேயே நின்றுவிட்டது. இல்லாத சிரோசிஸின் அச்சத்தையும், தொடாத மதுவின் பழியையும் நோயாளிகள் சுமந்தனர். அவர்களது அமைப்புகள் தொடர்ந்து வலியுறுத்தியதன் பின்னரே, 2015-இல் 'பிரைமரி பிலியரி கொலாஞ்சைட்டிஸ்', அதாவது முதன்மைப் பித்தநாள அழற்சி, என்னும் பெயர் ஏற்கப்பட்டது. பழகிய பி.பி.சி. என்னும் சுருக்கமும் மாறாமல் காக்கப்பட்டது.

கலைச்சொல் ஆக்குவோர் இவ்வரலாற்றைக் கருதவேண்டும். பழைய பெயரைத் தமிழாக்கி 'ஈரல் இறுக்கம்' என அகராதியில் ஏற்றினால், ஆங்கிலம் 65 ஆண்டுகள் சுமந்து இறக்கிவைத்த பழியை நாம் புதிதாகத் தூக்கி நம் வீட்டுப் பெண்களின் தலையில் வைப்பவர்கள் ஆவோம்.