மாத்தளைத் தேயிலைத் தொழிற்சாலையும் தொழிலாளரின் இதயமும்

மாத்தளைத் தோட்டங்களின் வரலாறு பெரும்பாலும் மலைச்சரிவின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக நடந்துவந்தோரின் சாவுகளும், பின்னர்க் கொழுந்து பறிப்போரின் துயரங்களும் நமது ஆய்விலும் இலக்கியத்திலும் இடம்பெற்றன. தோட்ட மக்கள் 'ஸ்டோர்' என வழங்கும் தேயிலைத் தொழிற்சாலைக்குள் நாம் அதிகம் நுழைந்ததில்லை.

1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. பறித்த கொழுந்து காத்திராது. பகலிற் பறித்ததைப் பல மணிநேரம் வாட்டி, இரவிலோ விடியற்புறத்திலோ உருட்டத் தொடங்கவேண்டும். எனவே இரவு வேலை இவ்வுற்பத்தி முறையோடு உடன்பிறந்தது. அதனோடு இயந்திர இரைச்சலும் உலர்த்தும் அறையின் வெப்பமும் சலிக்குமிடத்துத் தூசும் சேர்ந்தன. 1970 இல் மருத்துவர் ஊறகொட தேயிலை தயாரிப்போரின் ஆஸ்துமா பற்றி எழுதியபோது நுரையீரல் கவனம் பெற்றது. இதயமோ கவனிக்கப்படாதிருந்தது.

சட்டத்தின் பார்வையும் இத்தகையதே. 1934 இன் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் விபத்தால் நேரும் காயத்தையும் அட்டவணையிற் குறித்த சில நோய்களையுமே ஏற்றது. 1942 இன் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இயந்திரத்திற்கு வேலியிடச் சொன்னது. உருளையிற் சிக்கிய கைக்கு நாளும் நேரமும் உண்டு. இருபதாண்டு இரவு வேலையால் நலிந்த இதயத்திற்கு அத்தகைய நாள் இல்லை. நாள் குறிக்க இயலாத நோய் முதலாளியின் கணக்கில் ஏறுவதில்லை.

அப்போது பழி தொழிலாளரின் பழக்கங்கள்மீது விழுகிறது: புகையிலை, சாராயம், உப்பு. இவை தீங்கற்றவை என்று நாம் கூறவில்லை. ஆயினும் 1967 இல் பிரித்தானிய அரச ஊழியரிடையே தொடங்கிய வைற்ஹோல் ஆய்வு, பதவி தாழத் தாழ இதயநோய்ச் சாவு மிகுவதைக் காட்டியது. புகைபிடித்தல், இரத்த அழுத்தம் முதலியவற்றைக் கணக்கிற் கொண்ட பின்னரும் அவ்வேறுபாட்டின் பெரும்பகுதி எஞ்சியது. வாரத்திற்கு 55 மணிநேரமோ அதற்கு மேலோ உழைப்போருக்கு, 35 முதல் 40 மணிநேரம் உழைப்போரைவிட, குருதிக்குறை இதயநோயால் இறக்கும் அபாயம் 17 வீதம் அதிகம் என 2021 இல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழில் நிறுவனமும் அறிவித்தன.

பழக்கமும் வேலைநேரத்திலிருந்தும் கூலியிலிருந்தும் பிறப்பதே. ஆதலால் தோட்ட மருந்தகப் பதிவுகளையும் தொழிற்சாலை வேலைநேரப் பதிவேடுகளையும் அருகருகே வைத்து வாசிப்பது நமது ஆய்வின் உடனடிப் பணியாகும். அதன் பேறு வெறும் புள்ளிவிவரமாக நின்றுவிடாது, இதயநோயையும் தொழில்நோயாக ஏற்கக் கோரும் தொழிற்சங்கத்தின் கையிற் சான்றாக அமைதல் வேண்டும்.