பிளனேரியா
பிளனேரியா என்பது பெரும்பாலும் நன்னீரில் தன்னிச்சையாக வாழும் தட்டைப்புழு ஆகும். இதனை வெட்டினால் துண்டுகள் தலை, கண், குடல் ஆகியவற்றை மீண்டும் உருவாக்கி முழுப் புழுக்களாகின்றன. உடலில் 279-இல் ஒரு பங்கே உள்ள துண்டும் இவ்வாறு வளரக்கூடும் என 1898-இல் தாமசு ஹன்ட் மார்கன் கணித்தார். எனினும் கண்களுக்கு முன்னுள்ள தலைமுனைத் துண்டு மீள வளர்வதில்லை. நியோபிளாசுட்டு எனப்படும் குருத்தணுக்கள் அங்கு இல்லாமையே காரணம். வளர்ந்த புழுவில், இனப்பெருக்க உயிரணுக்கள் நீங்கலாக, பிளவுறுபவை இவை மட்டுமே. கதிர்வீச்சினால் இவை அழிந்தால் புழு சில வாரங்களில் இறந்துவிடும். அத்தகைய புழுவினுள் ஒரேயொரு நியோபிளாசுட்டைச் செலுத்தியபோது, அது பெருகித் திசுக்களைப் புதுப்பித்துப் புழுவைப் பிழைக்கச் செய்தது. இதனை 2011-இல் அமெரிக்காவில் பீட்டர் ரெட்டியன் குழுவினர் காட்டினர். பாலூட்டிகளில் இத்தகைய பல்திறன் முளையப் பருவத்தின் தொடக்கத்தோடு மறைந்துவிடுகிறது. இப்புழுவிலோ வாழ்நாள் முழுதும் நீடிக்கிறது.