சாளுவன்குப்பம்: மணல் வைத்திருந்த கோயில்

2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை வந்து போன பிறகு, மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே சாளுவன்குப்பம் கடற்கரையில் ஒரு பாறையை மூடியிருந்த மணல் விலகிக் கிடந்தது. பாறையில் எழுத்துகள். தமிழ்க் கல்வெட்டுகள் கன்னரதேவன் என்று அழைக்கும் இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டும் அவற்றில் இருந்தது. சேதி இதுதான்: திருவிழிச்சில் என்ற ஊரின் சுப்பிரமணியர் கோயிலுக்குக் கொடை.

சரி, கோயில் எங்கே? சுற்றிலும் மணல்மேடுதான் இருந்தது.

2005இல் இந்தியத் தொல்லியல் துறை அந்த மேட்டைத் தோண்டியது. பல்லவர் காலக் கருங்கல் கோயிலின் இடிபாடுகள், கல்வெட்டுத் தூண்கள், கல்லாலான ஒரு வேல் எல்லாம் வெளியே வந்தன. தூண்களில் இருப்பது போர்க்கதை இல்லை. கார்த்திகை விழாவுக்கும் விளக்கெரிக்கவும் யார் யார் எவ்வளவு பொன் கொடுத்தார்கள் என்ற கணக்கு. அதாவது, அங்கே ஓர் ஊர் இருந்தது. விளக்குக்கு எண்ணெய் ஊற்ற ஆள் இருந்தது.

கருங்கல்லுக்குக் கீழே இன்னொரு கோயில், முழுக்கச் செங்கல். செங்கல்கள் அளவில் பெரியவை, பூம்புகாரிலும் அரிக்கமேட்டிலும் கிடைத்தவற்றைப் போல. அதை வைத்துத்தான் அகழாய்வாளர்கள் இதைச் சங்க காலத்தது என்றார்கள். செங்கல் அளவை மட்டும் நம்பி நூற்றாண்டைக் குறிப்பது கொஞ்சம் வழுக்கலான வேலைதான். ஆனால் எது மேலே, எது கீழே என்பதில் குழப்பமில்லை. செங்கல் முந்தியது, கருங்கல் பிந்தியது. இரண்டையுமே கடல் பொங்கி வந்து சாய்த்திருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு.

இப்படி அடுக்கு அடுக்காகப் படிக்க முடிந்ததற்குக் காரணம் மணல்தான். கரையோரத்தில் அடப்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்து, காற்று கொண்டுவரும் மணலைப் பிடித்து வைக்கின்றன. வருடா வருடம் மேடு வளர்கிறது. உள்ளே விழுந்த கல் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. யாரும் அதைப் பெயர்த்துக்கொண்டு போய் வீடு கட்டுவதில்லை.

உலகில் வேறு இடங்களிலும் இது நடந்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவில் 1850இல் ஒரு புயல் மணற்குன்றைப் பிய்த்துப் போட்டது. ஸ்காரா பிரே என்ற புதிய கற்கால ஊர் தெரிந்தது. கல் படுக்கை, கல் அலமாரியோடு ஏறக்குறைய 5,000 வருஷத்து வீடுகள். பின்னால் இன்னொரு புயல் அதில் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போனது. அதற்கப்புறம்தான் தடுப்புச் சுவர் கட்டினார்கள். காட்டிக்கொடுக்கிற கடல்தான் எடுத்துக்கொண்டும் போகிறது.

நம்ம பக்கம் கடலை விட வேகமாக வேலை செய்வது ஜேசிபி. தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் வழியாகச் சாளுவன்குப்பம் போகலாம். கோவளத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தொட்டதும் இடதுபக்கம் பாருங்கள்: பண்ணை வீடு, ரிசார்ட், மனைப்பிரிவுக் கல். இவற்றில் பல நிற்பது சமப்படுத்திய மணல்மேட்டின் மேல். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளில் மணற்குன்றுகளுக்கு மிக உயர்ந்த பாதுகாப்பு வகை உண்டு. ஆனால் மேட்டைப் பார்க்கிற நம் கண்ணுக்கு அது வெறும் காலி இடம்.

புயல் மணலைக் கலைத்தால் பாறையாவது மிஞ்சும், அடுக்குகளிலும் கொஞ்சம் மிஞ்சலாம். ஜேசிபி பல்லவர் கல்லையும் சங்க காலச் செங்கல்லையும் போன வாரத்து பிளாஸ்டிக் பையையும் ஒரே குவியலாக்கிவிடும். அதற்குப் பிறகு செங்கல் கிடைத்தாலும் அது வெறும் செங்கல். எதற்குக் கீழே இருந்தது என்று சொல்ல ஆளில்லை.

புலிக்குகைக்குப் போகிறவர்கள் அதே வளாகத்தில் வடக்குப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தால் இந்தக் கோயிலைப் பார்க்கலாம். வேலையும் செங்கல் வரிசையையும் பார்த்துவிட்டு, சுற்றியுள்ள மணலையும் ஒருமுறை பாருங்கள். 2004க்கு முன்னால் இந்தக் கோயிலும் அப்படித்தான் தெரிந்தது.